வேலிக்கு வாடகை

‘லாட்ஜ்’ என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் மனக்கண்ணில் எழுவது ஒரே கட்டடம்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மூன்று மாடி; கீழே ஒரு பரோட்டாக் கடை; மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு மேஜை; மேஜைக்குப் பின்னால் தூங்கி வழியும் ஒருவர்; அவர் தலைக்கு மேல் பலகையில் வரிசையாகத் தொங்கும் சாவிகள், ஒவ்வொன்றிலும் அறை எண் அடித்த பித்தளை வில்லை. வனவிலங்குகளுக்கும் அங்கே பஞ்சமில்லை. மெத்தையில் மூட்டைப்பூச்சி, குளியலறையில் கரப்பான், குழல்விளக்குக்குப் பக்கத்தில் பல்லி, விளக்கை அணைத்ததும் கொசு. இவற்றைக் காணத் தனிக் கட்டணம் கிடையாது, வழிகாட்டி கிடையாது, பைனாகுலர் தேவையில்லை. வேண்டாம் என்றாலும் தரிசனம் உண்டு. இப்படிப் பழகிய காதுக்கு, ஆப்பிரிக்கக் காட்டில் ஓர் இரவுக்கு ஆளுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் வாங்குகிற மாளிகைக்கும் ‘லாட்ஜ்’ என்றே பெயர் என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். முன்னால் ஒட்டியிருக்கும் ‘சஃபாரி’யும் நமக்கு முதலில் அறிமுகமானது காடாக அல்ல, துணியாக. 1970-களிலும் 80-களிலும் அரைக்கைச் சட்டையும் பேண்ட்டும் ஒரே நிறத்தில் தைத்துப் போட்டால் அது சஃபாரி சூட். அதைப் போட்டவர் ஒன்று அதிகாரி, இல்லை புது மாப்பிள்ளை. இன்றைக்கு அமைச்சர்களின் மெய்க்காவலர்கள் மட்டும் அதைக் கைவிடாமல் காப்பாற்றி வருகிறார்கள். சொல்லின் வேரைத் தேடினால் பயணம் என்று பொருள்படும் அரபுச் சொல் கிடைக்கும். அது சுவாஹிலி வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘சஃபாரி’ ஆயிற்று; கடல் வழியாக நேரே காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் வந்து ‘சபர்’ ஆயிற்று. பிழைப்பு தேடிக் கடல் கடந்தவர் அந்த ஊர்களில் ‘சபராளி’. ஒரே வேர்தான், ஒரு கிளையில் போகிறவர் சம்பாதிக்கப் போகிறார், மறு கிளையில் போகிறவர் சம்பாதித்ததைத் தொலைக்கப் போகிறார்.

தொலைத்து எதை வாங்குகிறார் என்பதுதான் கேள்வி. காடு என்பார்கள், தனிமை என்பார்கள், இயற்கையோடு இரண்டறக் கலப்பது என்று விளம்பரப் புத்தகம் சொல்லும். என் கட்சி வேறு. சொகுசு சஃபாரி லாட்ஜில் விற்கப்படும் சரக்கு ஒன்றே ஒன்றுதான்: வேலி. சிங்கத்துக்கும் கட்டிலுக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு தடுப்புக்குத்தான் வாடகை. அது கண்ணில் பட்டால் வாடகை குறைவு, படாவிட்டால் கூடுதல். கம்பி வேலி என்றால் மிருகக்காட்சிசாலை டிக்கெட் விலை. கண்ணாடிச் சுவர் என்றால் அதற்கு மேல். புதருக்குள் மறைத்த மின்வேலி என்றால் இன்னும் மேல். வேலியே இல்லை, துப்பாக்கியோடு ஒருவர் சாப்பாட்டு மேஜையிலிருந்து அறைவாசல் வரை கூடவே வருவார் என்றால் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். அங்கே வேலி இல்லாமல் இல்லை. வேலி சீருடை போட்டு நடந்து வருகிறது, அவ்வளவே. வந்து இறங்கியதும் ‘எனக்கு ஏதாவது ஆனால் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்களே, அதுவும் ஒரு வேலிதான். அது லாட்ஜ்காரரைக் காப்பாற்றுகிற வேலி.

இதை நிரூபிக்க ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை. லண்டன் கேம்டன் டவுனில் 274-ஆம் எண் பஸ் ஏறினால் போதும். ரீஜன்ட்ஸ் பார்க்கின் வடக்கு ஓரத்தில், 1828-இல் திறந்த லண்டன் விலங்குப் பூங்காவுக்குள், 2016-இல் ‘கிர் லயன் லாட்ஜ்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஒன்பது மரக் குடில்கள், பளிச்சென்று வண்ணம் அடித்தவை, ஒவ்வொன்றிலும் குளியலறை. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இல்லாவிட்டாலும் உறுமினால் ஜன்னல் அதிரும் தூரத்தில் ஆசியச் சிங்கங்கள். சாயங்காலம் பூங்காவின் கதவைச் சாத்திய பிறகு விருந்தினர்களை அழைத்துக்கொண்டு ஒரு சுற்று, ராத்திரி சாப்பாடு, இருட்டில் டார்ச் விளக்கோடு ஒரு சுற்று, காலையில் பலகாரத்தோடு இன்னொரு சுற்று. குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தனி இரவு, பிள்ளைகள் இல்லாத பெரியவர்களுக்குத் தனி இரவு. இரண்டாவதில் வரவேற்பே நுரைக்கும் வைன்தான். இருவருக்குச் சில நூறு பவுண்டு ஆகும். இருட்டிய பிறகு தானாக எங்கும் சுற்றக் கூடாது, ஊழியர் கூட வர வேண்டும். சொகுசு லாட்ஜுக்கு உரிய இலக்கணம் ஒன்றுவிடாமல் இருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம்: இங்கே வேலியை யாரும் மறைக்கவில்லை. சிங்கம் உள்ளே, நீ வெளியே என்று கம்பி வெட்டவெளிச்சமாகச் சொல்கிறது. எனவே உலகத்திலேயே நேர்மையான சஃபாரி லாட்ஜ் ரீஜன்ட்ஸ் பார்க்கில்தான் இருக்கிறது என்பது என் வாதம். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம்; ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

முதல் ஆட்சேபம் உடனே வரும்: நேர்மையாவது மண்ணாவது, அந்த இடம் முழுக்கவே வேஷம் அல்லவா? வேஷம்தான். அந்தக் குடில்கள் இருக்கும் பகுதிக்கு ‘லேண்ட் ஆஃப் தி லயன்ஸ்’ என்று பெயர். குஜராத்தின் கிர் காட்டு ஓரத்தில் உள்ள சாசன் கிர் ஊரை லண்டனில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ரயில்வே ஸ்டேஷன், கடைத்தெரு, மசாலா மூட்டைகள், ரிக்‌ஷா, இடிந்த கோயில், வனக்காவலர் குடிசை, ஒரு சரக்கு ரயில் பெட்டி, எல்லாம் உண்டு. பதினோரு மணி நேரம் விமானத்தில் வந்து இறங்கிய சென்னைக்காரர், சொந்த ஊரிலேயே பார்த்துச் சலித்த ஸ்டேஷனை இங்கே டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார். ஸ்டேஷன் தத்ரூபம் என்பதற்கு என்ன சான்று என்றால், ரயில் இன்னும் வரவில்லை. ஆனால் கிண்டலை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். நிஜமான கிர் பக்கத்தில் ரயில் வருகிறது. பிபாவாவ் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில்களில் அடிபட்டு அங்கே சிங்கங்கள் செத்திருக்கின்றன; குஜராத் உயர் நீதிமன்றம் வரைக்கும் விஷயம் போயிற்று. லண்டன் ஸ்டேஷனில் பெட்டி நகராது. பொம்மை ரயில் என்பதால் ஏமாந்தவர்கள் யாராவது உண்டென்றால் அது நாம்தான், சிங்கம் அல்ல. மேலும், இந்த வேஷத்தை அவர்கள் வேஷம் என்றே சொல்லித்தான் விற்கிறார்கள். ரீஜன்ட்ஸ் பார்க்கில் படுத்துக்கொண்டு குஜராத்தில் இருப்பதாக நம்பியவர் எவரும் இல்லை.

வேஷத்தை வேஷம் என்று சொல்லாத இடங்களைப் பார்க்கலாமா? தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பர்க், சஃபாரிப் பிரியர்கள் மெச்சும் இடம். அது முன்பு பண்ணை நிலம். 1979 வாக்கில் ‘ஆபரேஷன் ஜெனிசிஸ்’ என்று பெயர் வைத்து, சுற்றிலும் வேலி அடித்து, ஆயிரக்கணக்கான விலங்குகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். சிங்கங்கள் பிறகு வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தன. அதாவது காட்டுக்கே கிரகப்பிரவேசம் நடந்திருக்கிறது. ஒட்டினாற்போல் சன் சிட்டி என்ற கேளிக்கை நகரம். அங்கே 1992-இல் ‘தொலைந்த நகரம்’ என்று ஒன்றைத் திறந்தார்கள். என்றுமே இருந்திராத ஒரு நாகரிகத்தின் இடிபாடுகளைப் புத்தம் புதிதாகக் கட்டி, குறித்த நேரத்துக்குப் பூகம்பம் வருகிற மாதிரி அதிரும் பாலம் ஒன்றையும் வைத்து, கடலே இல்லாத ஊரில் அலை அடிக்கும் கடற்கரையும் போட்டார்கள். இதற்கு முன்னால் லண்டனின் இடிந்த கோயிலெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு. சரி, அது செயற்கை, வேலியே இல்லாத பெருங்காட்டில் திரியும் சிங்கம் வேறு ரகம் என்பீர்கள். 2015-இல் ஜிம்பாப்வேயில் ஒரு அமெரிக்கப் பல் மருத்துவர் வேட்டையாடிக் கொன்றாரே, அந்தச் சிங்கம் ஹவாங்கே தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. அதற்கு சிசில் என்று பெயர் இருந்தது. கழுத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மாட்டிய ஜிபிஎஸ் பட்டை இருந்தது. ஜீப்பைக் கண்டால் முகம் சுளிக்காத பழக்கம் இருந்தது. லண்டன் ஆண் சிங்கத்தின் பெயர் பானு. பெயரும் இருக்கிறது, ஃபோட்டோவும் இருக்கிறது, அன்றாட நடமாட்டத்துக்குக் கணக்கும் இருக்கிறது என்றால் பானுவுக்கும் சிசிலுக்கும் இடையே இருந்த தூரம் நாம் நினைக்கிற அளவு பெரிதில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: ரீஜன்ட்ஸ் பார்க்குக்கு எந்தப் பல் மருத்துவரும் வில்லோடு வர முடியாது.

சஃபாரி லாட்ஜ்களின் தாத்தா என்று கென்யாவின் ‘ட்ரீடாப்ஸ்’ஸைச் சொல்லலாம். 1932-இல் அத்தி இனத்துப் பெருமரம் ஒன்றின் மேல் கட்டிய பரண் அது. 1952 பிப்ரவரி 5-ஆம் தேதி அங்கே 25 வயது எலிசபெத் இளவரசியும் கணவரும் ராத்தங்கினார்கள். அந்த இரவில்தான் இங்கிலாந்தில் அவர் தந்தை ஆறாம் ஜார்ஜ் தூக்கத்தில் இறந்தார். மரத்தில் ஏறியவர் இளவரசி, மறுநாள் இறங்கியவர் அரசி. இறங்கும்போது அவருக்கே அது தெரியாது. அன்றிரவு கூடவே இருந்தவர் யார் தெரியுமா? நைனிடாலில் பிறந்து, குமாவோன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் பேர் வாங்கிய ஜிம் கார்பெட். 1947-இல் கென்யாவுக்குப் போய்க் குடியேறியிருந்தார். எழுபதைத் தாண்டிய வயதில் துப்பாக்கியோடு ஏணியைக் காவல் காத்தார். நான் சொன்ன நடமாடும் வேலிக்கு இதைவிடப் பிரபலமான உதாரணம் கிடைக்காது. யானைகள் அங்கே தற்செயலாக வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குட்டைக்கரையில் உப்பு போட்டு வைப்பார்கள், இரவில் விளக்குப் போடுவார்கள். பக்கத்திலேயே ‘தி ஆர்க்’ என்ற இன்னொரு லாட்ஜில் விலங்கு வந்தால் அறைக்குள் மணி அடித்து எழுப்புகிறார்கள். உப்புக்கு வந்த யானையும் மணிக்கு எழுந்த மனிதனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதற்குத்தான் வனாந்தரம் என்று பெயர். இதில் விசேஷம், ட்ரீடாப்ஸில் அரசியான அதே எலிசபெத்தான் 64 வருஷம் கழித்து, 2016 மார்ச்சில், லண்டனின் சிங்க நிலத்தைத் திறந்து வைத்தவர். இரண்டு வகை லாட்ஜையும் ஒப்பிட்டுச் சொல்லத் தகுதியான சாட்சி அவர் ஒருவர்தான். அவர் வழக்கம்போல் அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை.

பரண் மேல் பெண், கீழே ஏற்பாடு செய்த யானை என்றதும் தமிழர்களுக்கு வேறொரு கதை நினைவுக்கு வந்திருக்கும். தினைப்புனம் காத்த வள்ளியை வழிக்குக் கொண்டுவர முருகன் என்ன செய்தார்? அண்ணனைக் கூப்பிட்டு யானையாக வரச் சொன்னார். யானை வந்தது, வள்ளி பயந்தாள், கிழவனாக நின்ற முருகனை ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். விலங்கை நேரம் பார்த்து வரவழைத்து, பயத்தை அளவாகக் கொடுத்து, பாதுகாப்பையும் அதே கையால் விற்கும் தொழில்நுட்பத்தை ஆப்பிரிக்காவில் கண்டுபிடித்ததாகச் சொல்வது வரலாற்றுப் பிழை. அதற்குக் காப்புரிமை திருத்தணிப் பக்கம் இருக்கிறது. லண்டனில் அந்தக் கிழவனாருக்கு 1986-லிருந்து ஹைகேட் குன்றில் கோயிலும் இருக்கிறது, சிங்கக் குடிலிலிருந்து சில மைல் தூரத்தில். ஆனால் நம் பாரம்பரியத்தில் யாரும் காட்டுக்கு ஆசையாகப் போனதில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கைகேயி கேட்ட வரத்தில் பாதி, ராமனைப் பதினாலு வருஷம் காட்டில் தங்க வைப்பது. அது தண்டனை என்பதில் அயோத்தியில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. பாண்டவர்களுக்குப் பன்னிரண்டு வருஷம், அதுவும் சூதில் தோற்றதற்கு. இன்றைய லாட்ஜ் விலையில் பதினாலு வருஷத்தைக் கணக்குப் போட்டால் மூன்று பேருக்கு ஒன்றரைக் கோடி டாலரைத் தாண்டுகிறது; தசரதன் இதற்குத்தான் மூர்ச்சையானாரோ என்று தோன்றும்.

தண்டனைத்தன்மை முழுவதும் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. சஃபாரி லாட்ஜில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். மார்கழிக் குளிரில் பாட்டி எழுப்பியபோது போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்ட அதே ஆள், இங்கே துள்ளி எழுந்து, கோப்பை காப்பியோடு திறந்த ஜீப்பில் ஏறி, முழங்காலில் கம்பளியைப் போட்டுக்கொண்டு பல் கிட்ட உட்கார்ந்திருப்பார். மூன்று மணி நேரம் குலுங்கிப் போய்ச் சேருகிற இடத்தில் சிங்கம் தூங்கிக்கொண்டிருக்கும். சிங்கம் நாளில் இருபது மணி நேரம் வரை தூங்குகிற பிராணி. தூங்குகிறவரைப் பார்க்கத் தூங்காமல் போகும் இந்த யாத்திரையில் ஜீப்பில் இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் காது ஆடுவதை ஃபோட்டோ எடுப்பார்கள். வால் ஒரு தடவை புரண்டால் அன்றைய தினம் சாபல்யம். லண்டன் குடிலில் இருப்பவரும் தூங்குகிற சிங்கத்தைத்தான் பார்க்கிறார். ஆனால் குலுங்காமல், டிஃபன் சாப்பிட்டபின். காது அங்கேயும் ஆடும்.

இங்கே லண்டன்காரர்களுக்கு ஒரு நியாயம் செய்துவிட வேண்டும். மிருகத்தை வைத்துக்கொண்டு அதைக் காடு என்று சொல்லும் பழக்கம் அவர்களுக்கு வெகு காலம் இருந்ததில்லை. 1252-இல் நார்வே அரசர் இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றிக்கு ஒரு வெள்ளைக் கரடியை அனுப்பினார். அதை லண்டன் கோபுரக் கோட்டையில் வைத்து, சங்கிலியில் பிடித்துக்கொண்டுபோய்த் தேம்ஸ் நதியில் மீன் பிடிக்க விட்டார்கள். தீனிச் செலவு தினம் நாலு பென்ஸை நகர ஷெரீஃபுகள் தலையில் கட்டினார் அரசர். மூன்று வருஷத்தில் பிரெஞ்சு அரசரிடமிருந்து ஒரு யானையும் வந்து சேர்ந்தது. கோட்டை அகழியில் பின்னாளில் தோண்டியபோது சிங்க மண்டையோடுகள் அகப்பட்டன. 1835-இல் கோட்டைக் கூண்டுகளை மூடினார்கள். மிருகங்களில் பலவும் ரீஜன்ட்ஸ் பார்க் போய்ச் சேர்ந்தன. சென்னையில் 1855-இல் ஆரம்பித்த மிருகக்காட்சிசாலைக்கு ஊர் ஜனங்கள் ‘உயிர் காலேஜ்’ என்று பெயர் வைத்தார்கள், எழும்பூர் மியூசியம் ‘செத்த காலேஜ்’. இரண்டும் அரசாங்கம் சொன்ன பெயரைவிட அர்த்தமுள்ளவை. இரண்டிலும் காடு என்ற பாசாங்கு இல்லை. பாசாங்கு தொடங்கிய வருஷம் 1966 என்று குத்துமதிப்பாகச் சொல்லலாம். வில்ட்ஷையரில் பாத் பிரபு தன் லாங்லீட் மாளிகைத் தோட்டத்தில் சிங்கங்களைத் திறந்துவிட்டு, மனிதர்களைக் காருக்குள் அடைத்தார். ஆப்பிரிக்காவுக்கு வெளியே காரிலேயே போய்ப் பார்க்கும் சஃபாரி அதுதான் முதல். கூண்டு மாறியது; உள்ளே இருப்பவர் மாறினார்; கட்டணம் மட்டும் தவறாமல் மனிதரிடமே வாங்கப்பட்டது.

இரண்டாவது ஆட்சேபம் சிரிக்கக்கூடியது அல்ல. சிங்கத்தை அடைத்து வைத்து, பக்கத்தில் வைன் குடித்துக்கொண்டு, நேர்மை என்று பேசுவது யாருக்கு நேர்மை? இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 2,500 சதுர மீட்டர் நிலம் ஒரு சிங்கத்துக்கு உலகம் ஆகாது. ஆனால் சிங்கத்தின் சொந்த ஊரில் நிலைமை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். ஆசியச் சிங்கம் காட்டில் வாழும் மாநிலம் உலகத்திலேயே ஒன்றுதான், குஜராத். 2025 கணக்கெடுப்பில் 891. நல்ல எண்ணிக்கைதான், ஆனால் எல்லா முட்டையும் ஒரே கூடையில். 2018-இல் நாய்களிடமிருந்து பரவும் ஒரு வைரஸ் கிர் காட்டுக்குள் புகுந்து சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்களைக் கொண்டுபோயிற்று. இப்படி நடக்கலாம் என்றுதான் சிலவற்றை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு அனுப்பச் சொல்லி 2013-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு இருக்கிறது, குனோ இருக்கிறது, சிங்கம் போகவில்லை. 2022-இல் அதே குனோவுக்கு நமீபியாவிலிருந்து விமானத்தில் சிவிங்கிப்புலிகள் வந்து இறங்கின. எண்ணாயிரம் கிலோமீட்டர் கடந்து சிவிங்கி வர முடிகிறது. பக்கத்து மாநிலத்துக்குச் சிங்கம் போக முடியவில்லை. காவிரித் தண்ணீர் விவகாரம் தெரிந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்த நிலையில் ஐரோப்பிய விலங்குப் பூங்காக்கள் கூட்டாகச் செய்யும் இனப்பெருக்கத் திட்டம் ஒரு சேமிப்புக் கணக்கு. 2024 மார்ச்சில் லண்டனில் பானுவுக்கும் பெண் சிங்கம் ஆர்யாவுக்கும் மூன்று குட்டிகள் பிறந்தன. கம்பிக்குள் பிறந்தவை என்பது உண்மை. கணக்கில் இருக்கின்றன என்பதும் உண்மை.

மூன்றாவது ஆட்சேபம் பணம் பற்றியது. ஆப்பிரிக்க லாட்ஜுகளின் கொழுத்த வாடகையில்தான் அங்கே காடு காடாக நிற்கிறது, இல்லையென்றால் மாட்டுப் பண்ணையாகிவிடும், காவலருக்குச் சம்பளம் வராது, பக்கத்துக் கிராமத்துக்கு வேலை இருக்காது என்கிறார்கள். பல இடங்களில் இது சரிதான். கிண்டலுக்காக மறுக்க மாட்டேன். கொரோனாவில் விமானங்கள் நின்றபோது காவல் செலவுக்கே திண்டாடிய பூங்காக்கள் உண்டு. ஆனால் லாட்ஜ் இருந்தால் காடு பிழைக்கும் என்பது சூத்திரம் அல்ல. மசினகுடியைப் பாருங்கள். முதுமலையை ஒட்டிய சீகூர் பீடபூமியில், யானைகள் தலைமுறை தலைமுறையாக நடக்கும் வழித்தடத்தின் குறுக்கே ‘வனத்தின் மடியில்’ என்ற ரீதியில் ரிசார்ட்டுகள் முளைத்தன. ஒவ்வொன்றும் தன் எல்லையில் வேலி போட்டது. விருந்தினரைக் காப்பாற்றப் போட்ட வேலி யானையின் பாதையை அடைத்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் சீல் வைக்கச் சொன்னது. 2020 அக்டோபரில் வழித்தடம் யானைக்கே என்று உறுதி செய்தது. அடுத்த மூன்று மாதத்தில், 2021 ஜனவரியில், அங்கே ஒரு தங்கும் விடுதிக்குப் பக்கத்தில் வந்த யானையின் மேல் எரியும் டயரை எறிந்தார்கள். காதோடு ஒட்டி எரிந்த அந்த டயரோடு அது இருட்டுக்குள் ஓடிய வீடியோவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். காயங்களோடு யானை செத்தது. யானையைப் பார்க்கத்தான் அந்த ஊருக்கு எல்லோரும் போகிறார்கள்.

இதற்கு மேல் ஒரு ஆட்சேபம்தான் பாக்கி, அதை மறுக்கவும் முடியாது: வானம். ஆப்பிரிக்காவின் இரவில் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடக்கும். ரீஜன்ட்ஸ் பார்க்கில் மேகமும் ஆரஞ்சு மங்கலும், நடுநடுவே ஆம்புலன்ஸ் சைரனும்தான். ஒத்துக்கொள்கிறேன். நட்சத்திரத்துக்காகப் போகிறேன் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. காட்டு விலங்கோடு வேலியில்லாமல் பழகத்தான் போகிறேன் என்கிறவர்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு விலங்கு முன்பதிவு இல்லாமல் வந்தபோது நாம் என்ன செய்தோம்? 2023 மே மாதம் கம்பம் நகரத்துக்குள் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை நடந்து வந்தது. டிக்கெட் இல்லை, ஜீப் இல்லை, தெருவிலேயே தரிசனம். ஊருக்கு 144 தடை உத்தரவு போட்டார்கள். மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு மலையில் கொண்டுபோய் விட்டார்கள். ஊர் ஜனங்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு உயிர் பயம். லண்டனில் அந்த பயத்துக்கும் இடமில்லை. நகரத்தில் சுமார் பத்தாயிரம் நரிகள் இருப்பதாகப் பொதுவாகச் சொல்வார்கள். ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் இரவு இரண்டு மணிக்கு எந்தத் தெருவிலும் ஒன்று நடந்து போகும், குப்பைத் தொட்டியின் மூடியை மூக்கால் தூக்கும், நேற்றைய கோழிக் குழம்பின் எலும்பை எடுத்துக்கொண்டு சுவர் ஏறும். ஊரில் காலையில் நல்லது நடந்தால் ‘நரி முகத்தில் முழித்தாயா’ என்று கேட்பார்கள். அந்த அதிர்ஷ்டம் லண்டன் தமிழருக்கு வாசல்படியிலேயே தினசரி கிடைக்கிறது. அவர் செய்வது கவுன்சிலுக்கு ஃபோன் போட்டுப் புகார் சொல்வது. 2011-இல் கட்டிக்கொண்டிருந்த ஷார்ட் கோபுரத்தின் 72-ஆம் மாடியில் ஒரு நரி குடித்தனம் நடத்தியது. கட்டடத் தொழிலாளிகள் போட்ட மிச்சத்தைத் தின்றுகொண்டு லண்டன் முழுவதையும் பார்த்தபடி இருந்ததைப் பிடித்து, ரோமியோ என்று பெயர் வைத்து, கீழே இறக்கிவிட்டார்கள். பிறகு அதே கோபுரத்தில் திறந்த ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்கு 34-லிருந்து 52-ஆம் மாடி வரைதான் கிடைத்தது.

சிங்கக் குடிலுக்கு வருகிறவர்கள் கார் நிறுத்தும் மைதானத்திலும் ஒரு சமாசாரம் இருக்கிறது. மத்திய லண்டனில் முள்ளெலிகள் இனம் பெருக்கிக்கொண்டு வாழும் கடைசி இடம் ரீஜன்ட்ஸ் பார்க் என்று பூங்காக்காரர்கள் கண்டறிந்தார்கள். அந்தக் கார் நிறுத்துமிடமும் அதன் வேலிச்செடிகளும் அவற்றுக்குப் பிடித்த பேட்டை. அதிவேக ரயில்பாதை வேலைக்காக அங்கே லாரிகளை நிறுத்தப் போகிறோம் என்று அறிவித்தபோது முள்ளெலிக்காகப் பெரிய சண்டையே நடந்தது. எடை ஒரு கிலோ இருந்தால் அதிகம். பெயர் கிடையாது, உறுமத் தெரியாது, தொட்டால் பந்தாகச் சுருண்டு கொள்ளும். தென்மாவட்டச் செம்மண் காடுகளில் திரியும் நம் முள்ளெலிக்குத் தூரத்துச் சொந்தம். சிங்கத்தைப் பார்க்கச் சில நூறு பவுண்டு கொடுத்தவர், காரைப் பூட்டிவிட்டுப் பெட்டியை உருட்டிக்கொண்டு போகும்போது, அவர் காலுக்கு நாலடி தள்ளிச் சருகு சரசரக்கும். எலியாக இருக்கும் என்று நடையை எட்டிப் போடுவார்.